கிசான் தவணை எங்கே நிற்கிறது?

ஆசிரியருக்கு,

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் தவணை 2,000 ரூபாய் வரவில்லை என்றால் ஊரில் முதலில் ஓடுவது வங்கிக்கு. வங்கியில் வேளாண் அலுவலகத்தைக் கை காட்டுவார்கள், அங்கே போனால் விஏஓவைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த அலைச்சலில் பாதி வீண். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் நில விவரம், இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கி இணைப்பு ஆகிய மூன்றின் நிலையும் தெரியும். எதில் 'நோ' என்று இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஆனால் அதைப் பார்க்க ஓடிபி வேண்டும். அது வரும் கைபேசி பல வீடுகளில் அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ வேலை பார்க்கும் பிள்ளையின் கையில் இருக்கிறது. சென்னைவாசிகள் இதைப் படிக்க வேண்டிய காரணமும் அதுதான்.

வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாயிற்று என்பதால் மட்டும் மானியம் வந்துவிடாது. அரசுப் பணம் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று தனியாக ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் அப்படிக் கொடுத்தோமோ அங்கேதான் பணம் போகும். நூறு நாள் வேலைக்காகவோ வேறு எதற்காகவோ தபால் துறை வங்கியில் புதுக் கணக்கு தொடங்கியவர்கள், பழைய பாஸ்புக்கிலேயே வரவைப் பார்த்துவிட்டு 'வரவில்லை' என்கிறார்கள். எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு இ-கேஒய்சி பெரிய தலைவலியாக இருந்தது. 2023 முதல் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.

உண்மையான சிக்கல் நிலத்தில்தான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், சிட்டாவில் தகப்பனார் பெயரோடு வேறு மாதிரி. 1.2.2019-க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்கு இந்த உதவி கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், தாமதம் அங்கேதான். அதை முடித்த பிறகு வாரிசு தன் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழும் தவணையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் விவசாயிகளே அல்லாதவர்களைச் சேர்த்து நடந்த மோசடியை சிபிசிஐடி விசாரித்தது. அதற்குப் பிறகு சோதனையை இறுக்கியதில் தவறில்லை. ஆனால் அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியே போய் நடந்த முறைகேட்டுக்கு, இனிஷியல் மாறிய கிழவர் அலைய வேண்டியிருக்கிறது. பட்டா இல்லாத குத்தகைதாரரும் கோயில் நில சாகுபடியாளரும் இந்தத் திட்டத்துக்குள் வரவே முடியாது என்பது தனிக்கதை.

வேளாண் துறைக்கு ஒரே கோரிக்கை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாதம் முன்பே, நின்றுபோனவர்களின் பெயரையும் காரணத்தையும் எந்த அலுவலகத்தில் சரிசெய்வது என்பதையும் கிராமவாரியாக அச்சிட்டு வேளாண் விரிவாக்க மையத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ அதில் வேண்டாம்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
குரோம்பேட்டை, சென்னை