பலகையில் நிலத்தையும் எழுது

அன்புள்ள கண்ணம்மா,

பழங்குடி விடுதலை வீரர்கள் அருங்காட்சியகத்துக்கு விளக்கப் பலகைகள் எழுதப் போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் பேசித் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே டெல்லியில், சராய் காலே கானில் பிர்சா முண்டாவுக்கு 2024 நவம்பர் 15 அன்று சிலை திறந்தார்கள். அந்தச் சாலைச் சந்திப்புக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உன் சித்தியைத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட நிஜாமுதீன் போகும்போது அவளிடம் சொன்னேன். "யாருக்கா அவர்?" என்றாள். "வெள்ளைக்காரனை எதிர்த்தவர்" என்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது. எதற்காக எதிர்த்தார் என்று சொல்ல நேரமில்லை. அதை உன் பலகை சொல்ல வேண்டும்.

பிர்சாவின் இனமான முண்டாக்கள், இன்றைய ஜார்க்கண்ட் பகுதிப் பழங்குடியினர், காட்டைத் திருத்தி ஊர் கட்டியவர்கள். திருத்திய நிலம் குலத்துக்கே பொது. இறந்தவர்களின் எலும்புகளைப் பெரிய கற்பலகைகளின் அடியில் வைப்பார்கள், சசன்திரி என்பார்கள். எந்தக் குலத்தின் கல் அந்த ஊரில் கிடக்கிறதோ, நிலமும் அந்தக் குலத்துக்கு. அவர்களுக்குப் பட்டாவே அந்தக் கல்தான். ஜமீன்தாரும் வட்டிக்காரரும் வந்த பிறகு காகிதம்தான் செல்லுபடியானது. சொந்த மண்ணிலேயே கூலியில்லாமல் வெட்டிவேலை பார்க்க வைத்தார்கள். 1899 கடைசியில் பிர்சா தலைமையில் உல்குலான் என்ற பெருங்கிளர்ச்சி வெடித்தது இதனால்தான். மறு ஆண்டு ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் பிர்சா இறந்தபோது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. உன்னைவிடச் சின்னப் பையன், கண்ணு.

அந்தச் சிறையே இப்போது அருங்காட்சியகம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் 1908-ல் வந்த சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம். பழங்குடி நிலம் வெளியாள் கைக்குப் போவதற்கு அது தடை போட்டது. பிர்சாவின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சட்டத்தையும் வை.

வயநாட்டுத் தலைக்கல் சந்துவை விட்டுவிடாதே. 1802-ல் அங்குள்ள குறிச்சியப் பழங்குடி வில்லாளிகளோடு வெள்ளைக்காரர்களின் பனமரம் கோட்டையைத் தாக்கியவர். 1805-ல் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். வெள்ளைக்காரரை எதிர்த்த பழசி ராஜாவை அறிந்த நம்மவர்களிலேயே பலருக்கு இவரைத் தெரியாது. 1812-ல் குறிச்சியர் மறுபடி எழுந்ததற்கும் காரணம் நிலவரிதான். விளைச்சலாக வாங்கிய வரியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பணமாகக் கேட்டது.

வில்லையும் பாசிமணியையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஆடும் பொம்மை நாலு நிறுத்திவிட்டால் மரியாதை செய்ததாகிவிடாது. பார்க்க வருகிறவர்கள் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போராடிய பழங்குடிகளின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பது தெரிய வேண்டும்.

அப்புறம் ஒன்று. நீ எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் படித்துக் காட்டு. அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்று. காலக்கெடு நெருங்குகிறது என்று மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. முதல் பலகை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, அப்பாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா
மயூர் விஹார், டெல்லி