மூடிய மலையிடுக்குப் பாதையும் உங்கள் உதவி எண்ணில் கிடைத்த ஆலோசனையும்: ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: அருவி மற்றும் மலையிடுக்கு நடைப் பயண முன்பதிவு – பாதை மூடப்பட்டும் பணம் திருப்பித் தராதது, உயிருக்கு ஆபத்தான ஆலோசனை, முழுமையற்ற தகவல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் வழியாக அருவிக்கும் அதன் கீழே தொடங்கும் மலையிடுக்கு நடைபாதைக்கும் என் குடும்பத்தினருக்காக முன்பதிவு செய்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையிடுக்குப் பாதை மூடியிருந்தது. மேலே மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் பாதைக் காவலர்கள் தடுப்பு போட்டிருந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் செய்தது முழுக்கச் சரி. என் புகார், அதன் பிறகு உங்கள் உதவி எண்ணில் எனக்குச் சொல்லப்பட்டதைப் பற்றியது.

வேறொரு நாளுக்கு மாற்றித் தர முடியுமா, இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். அருவியைப் பார்க்கும் மேடை திறந்திருப்பதால் சேவை வழங்கப்பட்டதாகத்தான் கணக்கு, பணம் திரும்பாது என்று உங்கள் ஊழியர் சொன்னார். சரி, இது விதிமுறை பற்றிய சண்டை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதை விட முடியவில்லை. "அது சும்மா பேருக்குப் போட்ட தடுப்புங்க. அங்கே வெயில்தானே அடிக்குது? நிறையப் பேர் ஓரமா இறங்கிப் போயிட்டு வர்றாங்க." என்னுடன் முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் ஒரு குழந்தையும் இருப்பதைச் சொன்ன பிறகும் அவர் பேச்சை மாற்றவில்லை.

அந்த ஊழியர்மீது எனக்குக் கோபம் இல்லை. மலையிடுக்கில் தண்ணீர் எப்படி வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. நடைபாதைப் பயணங்களை விற்கும் நிறுவனம் அதைச் சொல்லித் தராமல் ஒருவரைத் தொலைபேசியில் உட்கார வைத்திருப்பதுதான் என் கோபம்.

மலையிடுக்கில் நிற்பவரின் தலைக்கு மேலே வானம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலே பரந்த மலைச்சரிவு முழுவதும் விழும் மழை, புனலில் ஊற்றியதெல்லாம் அதன் குழாயில் இறங்குவதுபோல, அந்த ஒரே பிளவுக்குள் வந்து சேரும். இடம் குறுகக் குறுகத் தண்ணீரின் உயரமும் வேகமும் ஏறும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை என்பதால் ஒதுங்க இடம் இருக்காது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும் என்று வெள்ள எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓடை கலங்கல் நிறமாக மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, இதெல்லாம் தெரிந்த பிறகு மேட்டுக்கு ஏறச் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிய விஷயம்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த இடிமழையின் வெள்ளம்தான் அங்கே வந்து இறங்கியது. 2018 ஆகஸ்ட் 20 அன்று இத்தாலியின் ரகனெல்லோ மலையிடுக்கில் 10 பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸடன் ஓடையில் 1999 ஜூலை 27 அன்று 21 பேர் இறந்தார்கள். அவர்கள் தாங்களாகப் போனவர்கள் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பயணம் நடத்திய ஒரு நிறுவனம் கூட்டிப் போனவர்கள். அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவர்கள் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். "அங்கே வெயில்தானே அடிக்குது" என்று உங்கள் பக்கத்திலிருந்து சொல்லப்படும்போது இந்தச் சம்பவங்களைத் தவிர வேறு எதை நான் நினைக்க முடியும்?

உங்கள் பதிலில் இது ஒரு தனி ஊழியரின் தவறு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். அவரை அப்படிப் பேச வைத்தது உங்கள் விதிமுறை. "வானிலை எதுவாக இருந்தாலும் கட்டிய பணம் திரும்பாது" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு வந்த குடும்பம் தடுப்பின் முன்னால் நிற்கும்போது என்ன நினைக்கும்? பணம் போய்விட்டது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உள்ளே எட்டியாவது பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் நினைக்கும். நாங்கள் நின்றிருந்தபோதே சிலர் அந்தக் கணக்கில் தடுப்பைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். போகக் கூடாத நாளில் மக்களைத் தண்ணீரை நோக்கித் தள்ளுகிற விதி அது. பணத்தைத் திருப்பித் தருவதோ தேதியை மாற்றித் தருவதோ இந்த இடத்தில் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி. தயவுசெய்து இதை வணிகச் சலுகையாகப் பார்க்காதீர்கள்.

மற்ற நாடுகளில் இதை ஒளிவுமறைவில்லாமல் கையாள்கிறார்கள். அமெரிக்காவின் ஸயான் தேசியப் பூங்காவில் நேரோஸ் என்ற மலையிடுக்கு நடை இருக்கிறது. ஆற்றில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடினால் மூடிவிடுவார்கள். அன்றைக்குத் திடீர் வெள்ளத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். போகிறவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் இணையப் பக்கத்தில் அன்றைய பாதை நிலவரம் என்று ஒரு வரிகூட இல்லை. நாங்கள் வந்த நாள் காலையிலும் உங்களிடமிருந்து வந்த செய்தி "உங்கள் பயணம் உறுதி" என்பதுதான்.

இனி நீங்கள் தந்த தகவல்களைப் பற்றி. "எல்லா வயதினருக்கும் ஏற்ற எளிய சுற்றுப்பாதை, இரண்டு மணி நேரம்" என்று போட்டிருக்கிறீர்கள். முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டேன்: படிகள் எத்தனை, கைப்பிடி உண்டா, நடுவில் வெளியேற வழி உண்டா என்று. "எளிதான பாதை, கவலை வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நுழைவாயிலில் இருந்த பலகையைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது சுற்றுப்பாதையே இல்லை. ஒரு பக்கம் இறங்கி மறுமுனையில் வெளியேறும் ஒருவழிப் பாதை. ஈரப் பாறையில் வெட்டிய செங்குத்துப் படிகள், பாசி படிந்த ஓரங்கள், இறங்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் வெளியேற வழியும் கிடையாது. பாதை திறந்திருந்தாலும் என் அம்மா அதில் போயிருக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை.

ஒருவழிப் பாதை என்பது திட்டமிடுதலையே மாற்றிவிடும் விஷயம். கிரேக்கத்தின் கிரீட் தீவில் சமரியா மலையிடுக்கு நடை சுமார் 16 கிலோமீட்டர். மேலிருந்து இறங்கிக் கடற்கரைக் கிராமத்தில் முடியும். அங்கிருந்து கிளம்பப் படகுதான். கடைசிப் படகு நேரம் தெரியாமல் அந்தப் பயணத்தை யாரும் திட்டமிட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் மலையிடுக்குப் பாதையில் 19 அருவிகள், 800-க்கும் மேற்பட்ட கல்படிகள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதெல்லாம் போகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். படிகள் எத்தனை என்று சொன்னதால் அங்கே கூட்டம் குறைந்துவிடவில்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். சமதரையில் நடப்பதுபோல் தூரத்தை வைத்து மட்டும் இரண்டு மணி நேரம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்தின் மலையேறி நைஸ்மித் 1892-லேயே இதற்கு ஒரு எளிய கணக்கு சொல்லியிருக்கிறார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் திடமான ஆளுக்கு, நிற்காமல் நடந்தால். குழந்தையோடு வழுக்குப் பாறையில் நடப்பவருக்கு இன்னும் எவ்வளவோ சேர்க்க வேண்டும். குறுகலான மலையிடுக்கில் வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

உங்கள் செயலியை நம்பிப் போகச் சொல்கிறீர்கள். இணையம் இல்லாவிட்டால் அதில் வரைபடம் திறப்பதே இல்லை. உயரமான பாறைச் சுவர்களுக்கு நடுவே செல்பேசி சிக்னல் கிடைப்பது அரிது, வானம் மறைவதால் ஜி.பி.எஸ். புள்ளியும் இடம் தவறிக் காட்டும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையாவது தாருங்கள்.

படங்களைப் பற்றியும் ஒன்று. அருவிக்கு அடியில் உள்ள கசத்தில், அதாவது ஆழமான நீர்க்குழியில், ஆட்கள் குளிப்பதுபோல் உங்கள் முகப்பில் படம் இருக்கிறது. அங்கே இறங்கத் தடை என்று பலகை சொல்கிறது. விழும் தண்ணீர் கசத்துக்குள் சுழன்று ஆளைக் கீழே இழுக்கும், ஆழமும் மேலிருந்து தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்து என் குழந்தை குளிக்கும் உடுப்பையே எடுத்து வைத்திருந்தது. அந்தப் படத்தை இன்றே நீக்குங்கள்.

நான் கேட்பது இதுதான். பாதை மூடப்பட்டதால் நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பாதையை அதிகாரிகள் மூடினால் முழுப் பணம் அல்லது கட்டணமில்லாத தேதி மாற்றம் என்று விதிமுறையை எல்லோருக்கும் பொதுவாகத் திருத்த வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கையை ஏற்காமல் எனக்கு மட்டும் பணத்தை அனுப்பிக் கணக்கை முடித்துவிட்டால் என் புகார் அப்படியே நிற்கும். படிகள், ஒருவழியா இருவழியா என்பது, வெளியேறும் இடம், கடைசி நுழைவு நேரம் ஆகியவற்றை இணையப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அன்றைய நிலவரத்தைப் பயணத்தன்று காலையில் அனுப்ப வேண்டும். தடுப்பைத் தாண்டச் சொல்லக் கூடாது என்று உதவி எண்ணில் பேசும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அறிவுறுத்தி, அதன் நகலை எனக்கும் அனுப்ப வேண்டும்.

முன்பதிவு ரசீது, என் கேள்விக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், நுழைவாயில் பலகையின் படம், தொலைபேசி அழைப்பின் நேரப் பதிவு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அழைப்பு பதிவு செய்யப்படும் என்று உங்கள் எண்ணிலேயே அறிவிப்பு வருகிறது. அந்த ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும், அந்தப் பாதையைப் பராமரிக்கும் நிர்வாகத்திடமும் இதே ஆவணங்களோடு முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்