டெவனில் உயில் தேடுபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் மூதாதையரின் உயிலைத் தேடுபவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 1942 மே மாதம் டெவனின் தலைநகரான எக்ஸிட்டர் மீது விழுந்த ஜெர்மன் குண்டுகளில், அங்கே வைத்திருந்த பழைய உயில்கள் பெரும்பாலும் எரிந்துபோயின. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஆனாலும் தேடலைக் கைவிட வேண்டாம். 1812 முதல் 1857 வரை வரித்துறைக்காக எடுத்த நகல்கள் தப்பியிருக்கின்றன. எக்ஸிட்டரில் உள்ள டெவன் ஹெரிட்டேஜ் சென்டரில் (மாவட்ட ஆவணக் காப்பகம்) கேளுங்கள். அப்புறம், வசதியான குடும்பம் என்றால் கேன்டர்பரி பேராயர் நீதிமன்ற (1858-க்கு முன் உயில்களை உறுதிசெய்த தேவாலய நீதிமன்றம்) உயில்களை அவசியம் பாருங்கள். அவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. 1858 ஜனவரிக்குப் பிந்தைய உயில்களுக்கு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒரே பட்டியல்தான், கவலையே இல்லை. கேட்கும்போது பெயரோடு ஊரையும், இறந்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். யாருக்காவது நகல் கிடைத்தால் குழுவில் சொல்லுங்கள். பழைய கையெழுத்தைச் சேர்ந்து படிப்போம்.