எங்கள் பிள்ளைகளை எழுப்பிவிட்டவர்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் மறுபடி முழுசாக நடக்கிறது. நேற்றும் இன்றும் ஐந்து வகுப்பிலும் ஒரு பிள்ளைகூட விடுப்பு இல்லை. ஐப்பசி மழையில் என்ன ஆனது, பாதை எப்படிப் போனது, ரப்பர் பால் வெட்டு நின்றதில் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால் நேரே நன்றிக்கு வந்துவிடுகிறேன். இப்போதே எழுதாவிட்டால் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றுவது, பதிவேடு, கூட்டம் என்று நாள் ஓடிவிடும், அப்புறம் எழுதுவது கடமைக்கு எழுதியதுபோல் ஆகிவிடும்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பாதை சரியாகும்வரை சின்னப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் கடத்திவிட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு. வளைவில் நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்று ஏற்றிக்கொண்ட பஸ் டிரைவருக்கும் கண்டக்டருக்கும். மதியம்வரை பிள்ளைகள் உட்காரப் பெஞ்சைக் காலி செய்து கொடுத்த சாயாக்கடை அண்ணனுக்கு. கோயில் கமிட்டி, சபை, ஜமாத் மூன்றும் ஒரே வண்டியில் அரிசி அனுப்பின. இதில் யார் மூட்டை எது என்று கேட்டேன், வண்டி ஓட்டி வந்த தம்பிக்கே தெரியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் யார் பெயரும் இங்கே இல்லை.

இஸ்திரிக்கடை அண்ணனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை கொடுக்கிறது, சரி. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டும். நான்கு செட்டும் ஒரே கொடியில் ஈரமாகத் தொங்கினால் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு வரும்? சில வீடுகளில் புகைப்புரையில் ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே சட்டையையும் காயப் போடுகிறார்கள். அந்த வாசனைக்காகவே கூச்சப்பட்டு வராமல் இருந்த பெண் பிள்ளைகள் உண்டு. அண்ணன் கேட்டதெல்லாம், "ஈரத்தோடயே கொண்டு வாங்க, காசு பேசாதீங்க" என்பதுதான். கரிப்பெட்டி வைத்துத் தேய்த்துக் காயவைத்துக் கொடுத்தார்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு உட்கார்ந்து பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். வெள்ளையடிப்பது, கழிப்பறை, குடிநீர் என்று போகிற அந்தத் திட்டத்தில், கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்றும் நாங்கள் ஒரு பகுதி எழுதுகிறோம். மழை விட்டு முதலில் கூடியபோது அதைத்தான் கையில் எடுத்தோம்.

கட்டம் போட்ட பெரிய தாள் அது. எந்தப் பிள்ளைக்கு வருமானச் சான்று இல்லை, எதற்கு ஆதாரில் பெயர் தப்பு, எதற்கு வங்கிக் கணக்கு தொடங்கவில்லை என்று பக்கவாட்டில் போகும். சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை முதல் நிலையான அரும்பில் நிற்கிறதா, அடுத்த மொட்டா, அதற்கும் மேலே மலரா என்று ஒரு கட்டம். அம்மா அப்பா இருவரும் இல்லாத, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைக்கு அன்புக்கரங்கள் திட்டத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று ஒரு கட்டம். 2025 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், மாதம் 2,000 ரூபாய் வரும், பல பாட்டி தாத்தாக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாள் எது என்று இன்னொரு கட்டம். பிள்ளைகளின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை. தாள் என் மேசையிலும் வகுப்பாசிரியர் கையிலும் மட்டும் இருக்கும், தலைப்புகளை மட்டும் குழுவில் பேசுவோம். ஊர் சின்னது, எந்த வீட்டில் என்ன இல்லை என்பதை மைக் வைத்துச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாளில் கவலையே இல்லாத கட்டம் ஒன்று இருந்தது: காலை உணவு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துவிட்டது. நம் பள்ளியில் மகளிர் குழு அக்காமார் சமைக்கிறார்கள், சுத்தமாகவும் ருசியாகவும் சமைக்கிறார்கள். எல்லாப் பெயருக்கு நேரேயும் டிக்.

அப்போதுதான் பால்காரப் பாட்டி பேசினார்.

அவர் குழுவில் உறுப்பினர் இல்லை. அவர் வீட்டுப் பிள்ளை யாரும் நம் பள்ளியில் படிக்கவும் இல்லை. கூட்டத்துக்குச் சாயா போடப் பால் கொண்டுவந்தவர், தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றார். காலை உணவு என்ற தலைப்பு வந்ததும், "சாப்பாடெல்லாம் உண்டு டீச்சரே. பிள்ளைய எழுப்பி விட ஆளு உண்டா?" என்றார்.

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். எந்தச் சரிவில் எந்த வீட்டில் அந்த நேரத்துக்குப் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள் என்பது விடியற்காலையில் அந்த வழியாக நடக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிற வீடுகளின் கணக்கு உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டையில் இறங்கிய பாலை எடுத்துச் சேர்த்துவிட்டு வீடு திரும்பும்போது பள்ளியில் பாதி நாள் போயிருக்கும். சாதாரண நாளில் அப்பா போவார், அம்மா இருந்து பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு முந்திரிப் பருப்பு உடைக்கிற அண்டியாபீசுக்கோ வேறு வேலைக்கோ போவார். மழை விட்ட பிறகு அப்படி நடக்கவில்லை. விட்டுப்போன கூலியைப் பிடிக்க இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பாதை போனதால் சுற்றி நடக்க வேண்டும், அதற்காக இன்னும் முன்னாலேயே கிளம்பினார்கள். உள்ளே தூங்குவது ஐந்தாம் வகுப்பு அக்காவும் ஒன்றாம் வகுப்புத் தம்பியும். அவர்கள் தானாக முழித்து, முகம் கழுவி, ஓடி வந்து சேரும்போது உணவு முடிந்து பாத்திரம் கவிழ்த்தாயிற்று. தாமதமாக வந்து வாசலில் நிற்பதற்கு வராமலே இருந்துவிடலாம் என்று சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். யாருக்காகச் சமைக்கிறோமோ அந்தப் பிள்ளைக்குத்தான் அந்தச் சாப்பாடு கிடைக்காமல் போயிருக்கிறது.

பாட்டி ஆலோசனை சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. மறுநாளே தொடங்கிவிட்டார். அவர் பால் ஊற்றும் வழியில் இருக்கும் வீடுகள் சில, வழியிலிருந்து விலகி மேலே ஏற வேண்டிய வீடுகள் சில. அங்கே பால் வாங்குவதும் இல்லை. ஏறிப் போய், அளவுக் கிண்ணத்தால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். உள்ளேயிருந்து "முழிச்சாச்சு" என்று சத்தம் வந்தால் நம்பமாட்டார். கதவைத் திறந்து முகத்தைக் காட்ட வேண்டும்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன?"

"கிச்சடி."

"கிச்சடிக்கு என்ன ஊத்துவாவ?"

"சாம்பாரு."

பதில் தெளிவாக வந்தால் முழிப்பு நிஜம் என்று அர்த்தம். அப்புறம்தான் அடுத்த வீடு. ஒரு நாள் அவரோடு நடந்து போய் இதை நானே பார்த்தேன். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டே "சாம்பாரு" என்று சொல்லிவிட்டான். பாட்டி வாளித் தண்ணீரில் கையை நனைத்து அவன் கன்னத்தில் வைத்தார், அவ்வளவுதான், துள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

பால் சொசைட்டியில் பால் ஊற்ற நேரம் இருக்கிறதே, அது தவறிவிடாதா என்று கேட்டேன். கறவையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டாராம். "பசு ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

இதனால் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எது இரவெல்லாம் இருமியது, எந்த வீட்டில் ராத்திரி விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் முதல் மணிக்கு முன்பே என் காதுக்கு வந்துவிடுகிறது. எந்தப் படிவத்திலும் இதைக் கேட்டு வாங்க முடியாது.

மகளிர் குழு அக்காமாரும் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தார்கள். கடைசிப் பாத்திரத்தைக் கழுவுவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். மேட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏறிவிட்டார்களா என்று கேட்பீர்கள். ஏறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் ஏறவில்லை. ஆனால் முதல் பாடவேளையில் பெஞ்சில் தலை சாய்ப்பது நின்றிருக்கிறது. வாசிப்பு அதற்குப் பிறகுதான் வரும், வரட்டும்.

பிள்ளை பசித்திருக்கக் கூடாது என்பது நம் ஊருக்குப் புதிய யோசனை இல்லை. முதலமைச்சராக இருந்து பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்த காமராஜரை 1969-ல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இப்போது காலையிலும் அடுப்பு எரிகிறது. இத்தனை பெரிய ஏற்பாட்டுக்கும் ஒரு மேட்டு வீட்டுப் பாய்க்கும் நடுவில் கொஞ்ச தூரம் மிச்சம் இருந்தது. அதை அரசாணை போட்டு நடக்க முடியாது. யாராவது காலால்தான் நடக்க வேண்டும். நம் ஊரில் அதை ஒருவர் தானாக நடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதற்காக அவர் ஒருவர் தலையிலேயே இதைக் கட்டிவிட முடியாது. முழங்கால் வலியோடு நடக்கிறவர். ஆகவே திட்டத் தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: "காலையில் வீட்டில் யார்?" அதில் யாரும் இல்லை என்று வருகிற வீடுகளை வழிவாரியாகப் பிரித்து, பேப்பர் போடுகிற தம்பி, அதிகாலைப் பூசைக்குப் போகிற இரண்டு அக்காமார், பாட்டி என்று முறை வைத்திருக்கிறோம். யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதை அந்தந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதினோம். மாதக் கூட்டத்தில் முதலில் இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்போம். நான் இங்கே இருக்கும்வரை அது தாளில் இருக்கும். மாறுதலில் போனால் அடுத்து வருகிறவர் கையில் கோப்பைக் கொடுத்து, பாட்டியையும் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். இது நான் உங்கள் முன்னால் கொடுக்கும் வாக்கு.

உதவ முன்வருகிறவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோட்டு வேண்டாம். பாடநூலும் நோட்டும் பையும் அரசே தருகிறது, மழைக்கு வந்த நோட்டே அலமாரியில் கதவு மூட முடியாமல் இருக்கிறது. உங்களால் முடிந்தால் ஒரு சனிக்கிழமை வந்து, சான்றிதழ் இல்லாத வீட்டுப் பெரியவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாமல்தான் பல விண்ணப்பங்கள் அப்படியே கிடக்கின்றன. இன்னொன்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்காமல் பொருளை வைத்துவிட்டுப் போன சபை இளைஞர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. மற்றவர்களும் அப்படியே செய்தால் நன்றாக இருக்கும்.

பாட்டிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தலாம் என்று குழுவில் முடிவு செய்து போய்ச் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டார். விழா நேரம் கறவை நேரமாம். வேறு என்ன வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டதற்கு ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதை இங்கே எழுதச் சொல்லியிருக்கிறார்: ரேஷன் கடைக்கு மேலே, திருப்பத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் உங்கள் கறுப்பு நாயைக் காலை ஆறரை மணிவரை தயவுசெய்து கட்டிப் போடுங்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை,
அரசு தொடக்கப்பள்ளி