பள்ளிக் கூரைக்கும் ஒரு நோட்டு வையுங்கள்

எங்கள் பகுதிப் பள்ளிக் கட்டடங்களுக்குப் பொறுப்பான ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

பள்ளியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றி மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "மேற்படி பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று நடப்பில் உள்ளது." ஐயா, கூரை இடிந்து விழும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அது எதனால் ஆனது, எந்த வருஷம் போட்டது, யார் கழற்றினார்கள், கழற்றியது எங்கே போனது என்று எழுதி வைத்த ஒரு தாளாவது பள்ளியில் உண்டா என்றுதான் கேட்டேன். உறுதிச் சான்று அதற்குப் பதில் ஆகாது. மனுவைக் கடைசி வரி வரை படித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கூரை மேஸ்திரி. முதுநகரில் ஆரம்பித்துப் பாகூர் வரைக்கும் நான் ஏறாத தெரு குறைவு. மகள் நான்காவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர்.

மே விடுமுறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து சத்துணவுக் கூடத்தின் மேலும் இரண்டு வகுப்பறைகளின் மேலும் இருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நம் உப்புக்காற்றில், ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ஜே போல்ட் துருவேறி இறுகிப்போயிருக்கும், ஸ்பானர் பிடிக்காது. தண்ணீர் தெளித்து, நட்டை அறுத்து, ஷீட்டை முழுசாகக் கயிறு கட்டி இறக்க ஒரு நாள் கூடுதலாக ஆகும். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் அரை நாளில் முடியும். அவர்கள் தட்டினார்கள். உடைந்ததைக் கழிப்பறைக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாம் வாரம், மகளைக் கூப்பிடப் போனேன். வராந்தாப் படிக்கட்டில் நாலைந்து பெண் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு ஷீட் துண்டு. படியின் சிமென்டில் வைத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டி ஆட்டத்துக்குச் சில்லு! நாம் சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லைத் தேய்த்து வட்டமாக்கவில்லையா, அதே வேலைதான். இப்போது ஓடு எங்கே கிடைக்கிறது? இது கிடைத்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் படியில் சாம்பல் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. ஒரு பிள்ளை குனிந்து 'ஊஃப்' என்று ஊதி அதைத் தள்ளிவிட்டுத் திரும்பத் தேய்த்தது. அந்தப் பிள்ளை என் மகள்.

அந்த மாவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஷீட்டில் பெரும்பாலும் சிமென்ட்தான். நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்குதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். முழுசாகத் தலைக்கு மேல் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு தராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. நாற்பது வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். அன்றைக்கு ஒரு டாக்டர் "எங்கேம்மா பட்டது?" என்று கேட்டால் அவள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவாள்?

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு, பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று இறக்கச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக நிறையப் பள்ளிகளில் ஏறியது இந்த ஷீட்தான். விலை மலிவு, தீப்பிடிக்காது. அன்றைக்கு அந்த அவசரம் நியாயம்தான். நானே எத்தனையோ கூரைக்குத் துளை போட்டேன். சாயங்காலம் தலைமுடி நரைத்த மாதிரி வீட்டுக்குப் போவேன். சம்சாரம் சட்டையை வாசலில் உதறிவிட்டுத்தான் நனைப்பாள். அப்புறம் 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிந்து பார்த்தால் ஷீட்டெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கித் தெருவில் கிடந்தது. பெருக்கி அள்ளிப் பள்ளத்தில் போட்டோம். பழையதை எங்கே கொட்டினோம், புதியது எத்தனை போட்டோம் என்று எவனும் எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

அதனால்தான் நோட்டுக் கேட்கிறேன். இது ஒன்றும் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. அமெரிக்காவில் 1986இலேயே பள்ளிகளுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். கல்நார் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதிய திட்டம் பள்ளி அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முழுசாகச் சோதிக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பள்ளிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றச் சொல்லிக் கேரள மனித உரிமை ஆணையம் 2009இல் சொன்னது. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. ஆலைக்கு ஒரு நியாயம் இருக்கும்போது, அந்தச் சரக்குக்குக் கீழே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைக்கு ஒரு பக்கம் காகிதம் இல்லையா?

காகிதத்துக்கு நம் பள்ளியில் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. சத்துணவு முட்டைக்கு முத்திரை இருக்கிறது. கால் உடைந்த நாற்காலியைக் கழிக்க இருப்புப் பதிவேடு, கையெழுத்து, அதற்கு மேல் ஒரு கையெழுத்து. விளக்குமாறு வாங்கினால் ரசீது. தலைமையாசிரியர் அம்மா பாதி நாள் செல்போனில் விவரம் ஏற்றுகிறார், மீதி நாள் ஏன் ஏறவில்லை என்று போனில் பதில் சொல்கிறார். பள்ளி விவரங்களை வருஷா வருஷம் அரசுக்குக் கொடுக்கும் யூடைஸ் படிவத்தில் கட்டடம் பக்காவா, அரை பக்காவா என்றுகூடக் கேட்கிறார்கள். அரை பக்கா என்று போட்டுவிட்டால் தீர்ந்தது, அந்த மீதி அரை எதனால் ஆனது என்பது யாருக்கும் வேண்டாம். ஷீட் மாற்றிய வேலைக்குப் பள்ளியில் இருப்பது ஒரே வரி: "கூரை பழுது நீக்கம் செய்யப்பட்டது." நீக்கம் செய்தது கழிப்பறைக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கிறது என்பதற்கு வரி இல்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

எல்லாக் கூரையையும் நாளைக்கே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை, பணம் வேண்டும் என்று எனக்கும் தெரியும். இந்த ஷீட்டைத் தடை செய்யச் சொல்லவும் நான் ஆள் இல்லை. கடையில் இன்றைக்கும் சட்டப்படிதான் விற்கிறது. பள்ளிக்குப் பள்ளி ஒரு நோட்டு வையுங்கள். எந்த அறையில் எத்தனை ஷீட், எந்த வருஷம் போட்டது, எதில் கீறல், எதில் ஓட்டை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து பார்த்துத் தேதியோடு கையெழுத்துப் போடட்டும். அந்த நோட்டைப் பார்க்காமல் எந்த ஒப்பந்தக்காரரும் ஏணி வைக்கக் கூடாது. மின்விசிறிக் கொக்கி மாட்டக்கூடத் துளை போடக் கூடாது. வேலை நடக்கும்போது பிள்ளைகள் வளாகத்தில் இருக்கக் கூடாது. இறக்கிய துண்டு எங்கே போனது என்று அதே நோட்டில் எழுதட்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வாசிக்கட்டும். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் பள்ளி ஷீட்டை நானே எண்ணிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம்.

இன்னொன்று. குவியலை அப்படியே விட மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் அடித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டினேன். பதினேழு பை. மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த மூன்று சில்லும் அதில் சேர்த்தி. அழகாகத்தான் தேய்த்திருந்தாள். குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். பைகள் பள்ளியின் பின்சுவர் ஓரம் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. மழை வருவதற்குள் அவற்றை எங்கே கொண்டுபோய் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டுமாவது எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலில் கட்டட உறுதிச் சான்று பற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கூரை மேஸ்திரி,
கடலூர்.