திங்கட்கிழமை இரவுகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கூடிவிட்டதால் இரவுச் சோற்றை விட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோடு படுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் 1965-ஆம் ஆண்டின் திங்கட்கிழமை இரவுகள்தாம் என் கண்முன் வந்தன.

பாகிஸ்தானோடு போர் நடந்த அந்த ஆண்டில் மழையும் பொய்த்தது. முந்தைய ஆண்டு 8.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தப்படி கோதுமை அனுப்பிவந்த அமெரிக்காவோ, அதிபர் ஜான்சனின் முடிவால், கப்பல்களைக் கொஞ்சங்கொஞ்சமாகவே விடுவித்தது. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டது அப்போதுதான். திங்கட்கிழமை மாலைகளில் உணவு விடுதிகள்கூட அடைக்கப்பட்டன.

எங்கள் வீட்டில் அம்மா அன்று பொழுது சாயும் முன்பே அடுப்பை மெழுகிவிடுவாள். மதியம் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் காலைக்கு எடுத்து வைத்துவிட்டு, எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொடுத்து, "சாஸ்திரி வீட்டிலும் இன்றைக்கு உலை வைக்கமாட்டார்கள்" என்பாள். செய்தித்தாள் படிக்கத் தெரியாத அவள், யார் சொல்லியும் மிரட்டியும் அதைச் செய்யவில்லை. கேட்டவர் தம் வீட்டிலும் அதைக் கடைப்பிடிக்கிறார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

நம் பள்ளிக்கூடத்து மதிய உணவை நீ மறந்திருக்கமாட்டாய். காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய திட்டம் அது. 1961-இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் அதில் சேர்ந்துகொண்டதால், அண்டாவில் கரைத்த பால் பவுடரும் கோதுமை ரவை உப்புமாவும் நம் அலுமினியத் தட்டுகளுக்கு வந்தன. அந்தப் பாலில் மிதக்கும் கட்டிகளை நீ விரலால் நசுக்கித் தின்பாய். எனக்கோ அதன் வாடையே ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் வரிசையில் உனக்குப் பின்னால்தான் நின்றேன், ஏனென்றால் பல நாட்களில் எனக்கு அதுவே முதல் வேளைச் சாப்பாடு.

நம்மைப் போன்ற அரிசிச் சோற்றுக்காரர்கள் ரேஷன் கடையில் கோதுமையையும் சிவப்பு மைலோ சோளத்தையும் வாங்கிவந்து, அவற்றை என்ன செய்வதென்று திகைத்த காலம் அது. அதே காலத்தில்தான் உணவு அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் தில்லியில் தம் வீட்டுப் புல்வெளியை உழுது அதிக விளைச்சல் தரும் புதிய குட்டைரகக் கோதுமையை விதைத்தார்; 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது. மேடையில் பேசியதைத் தம் வாசலிலேயே செய்து காட்டியதால்தான், அவரை எதிர்த்தவர்களாலும் அவரது முயற்சியை ஒதுக்கிவிட முடியவில்லை என்று நான் கருதுகிறேன். அரிசித் தட்டுப்பாடு மக்களை எவ்வளவு வாட்டியது என்பதை 1967 தேர்தல் காட்டியது. மலிவு விலையில் படியரிசி தருவோம் என்ற அண்ணாவின் வாக்குறுதியைத் தெருவெல்லாம் பேசினார்கள்.

போன மாதம் ஒரு திருமணப் பந்தியில், பாதி தின்ற சோற்றோடு மூடப்பட்ட இலைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

உன் அக்கா ரேஷன் கோதுமையை உடைத்து வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து தாளித்துத் தருவார்களே, அதன் பக்குவத்தை அவர்களிடம் கேட்டு எழுது. உன் மருத்துவர் சம்மதித்தால் நீயும் அளவாகச் சாப்பிட்டுப் பார்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்