அழகுக் குறிப்பு வீடியோ போடும் தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கச்சிமாருக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாணப் பெண்களுக்கும் சாமத்திய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அலங்காரம் செய்பவள் நான். உங்கள் வீடியோக்களை விடாமல் பார்க்கிறேன். கை சுத்தம், பேச்சும் நல்ல பேச்சு. என் குறை ஒன்றுதான்: பூசி முடித்த கையோடு கமராவை நிறுத்திவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்த முகம் படும் பாட்டைப் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்.

கருவளையத்தை மறைக்கக் கண்ணுக்குக் கீழே லிப்ஸ்டிக் பூசும் குறிப்பையே எடுங்கள். 2015இல் தீபிகா முத்யாலா என்ற இந்திய வம்சாவளி அமெரிக்கப் பெண் சிவப்பு லிப்ஸ்டிக்கைக் கண்ணடியில் பூசிக் காட்டிய வீடியோ உலகமெல்லாம் ஓடியது. இன்றைக்கும் நீங்கள் அதைப் புதுசு போலச் சொல்கிறீர்கள். கொள்கையில் பிழை இல்லை. மாநிறத் தோலில் கருவளையம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும், சிவப்பும் செம்மஞ்சளும் அதை அடக்கும். ஆனால் லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும். கருமையை மறைக்க மேலே பூசும் தோல்நிறக் கன்சீலர் அதில் பிடித்து நிற்காது. பெண் மணவறையில் ஓமப்புகைக்கு முன்னால் இருக்கிறாள், கண் கலங்குகிறது, அம்மா லேஞ்சியால் ஒற்றிவிடுகிறார். கன்சீலர் லேஞ்சியோடு போய்விடும், சிவப்பு மட்டும் கண்ணடிச் சுருக்கங்களில் கோடு கோடாக நிற்கும். தாலி கட்டி முடிந்து சனம் படம் எடுக்க வரிசையில் வரும்போது, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறாள். இந்த வேலைக்கென்றே கரெக்டர் என்ற நிறம் அடக்கும் பூச்சு விற்கிறார்கள். கருமை இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தொட்டுவைத்தால் போதும். இன்னொன்று: அமெரிக்காவில் உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்புச் சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பூச அனுமதியில்லை. அதை ஒரு வீடியோவிலும் நான் கேட்கவில்லை.

அப்புறம் இந்த ‘பேக்கிங்’. பவுடரை அள்ளி அப்பி, ஊறவிட்டுத் தட்டிவிடுவது மேடைக்காரரின் வித்தை. சுடும் விளக்குக்குக் கீழே, தூரத்தில் இருந்து பார்ப்பவருக்காகச் செய்தது. கொழும்பின் ஈரப்பதம் வருசம் முழுக்க 80 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. வேர்வை காய வழியில்லாத ஊரில் தடித்த பவுடர் வேர்வையைக் குடித்துக் களியாகும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி பக்கத்துப் பம்பலப்பிட்டி வரும்வரைகூட அது தாங்காது. ஏசி அறையில் இருந்துகொண்டு “நாள் முழுக்க அசையாது” என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, முகம் முழுக்கப் பூசும் பவுண்டேஷனை “உங்கள் நிறத்தைவிட ஒரு ஷேட் வெளிறலாக எடுங்கள்” என்று சொல்லும்போது. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற அழகுசாதன நிறுவனம் 40 நிறங்களில் பவுண்டேஷன் கொண்டுவந்த பிறகு உலகமே நிற வரிசையை நீட்டியது. நாம் மட்டும் இன்னும் வெள்ளைப் பக்கமே நகர்கிறோம். வெளிறல் ஷேட்களில் டைட்டேனியம் டைஒக்சைட் கூடுதலாக இருக்கும். அது நம் தோலில் ஏறினால் சாம்பல் பூத்துவிடும். பிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் முகம் ஓர் ஊர், கழுத்து ஓர் ஊர். புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கச் சொல்வதும் வேண்டாம். கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றல்ல. புறக்கோட்டைக் கடைகளின் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பவும் கூடாது. தாடையோரம் ஒரு கோடு போட்டு, வெளியே வெயிலுக்கு வந்து பார்க்கவேண்டும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடி பார்த்தால் இன்னும் நல்லது, தோலின் எண்ணெய் கலந்ததும் சில பவுண்டேஷன் கறுத்துவிடும்.

மிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐஸ் வைத்தால் தோல் துவாரங்கள் மூடாது, அவற்றுக்குத் திறந்து மூடத் தசையே இல்லை. பருவுக்குப் பற்பசை எரிச்சலைத்தான் தரும். தேசிக்காயும் அப்பச்சோடாவும் சமையலறையிலேயே இருக்கட்டும். தேசிக்காய்ச் சாறு பூசிய முகத்தோடு வெயிலில் போன பிள்ளைக்குத் தோல் கொப்பளித்துக் கறுத்த தழும்பு விழலாம். அதை மறைக்க என்னிடம் வந்துதான் நிற்பாள்.

உங்கள் குறிப்புகள் எல்லாமே குப்பை என்று நான் சொல்லவில்லை. மெல்லிய பூச்சாகப் பூசுங்கள், ஈர ஸ்பஞ்சால் அழுத்துங்கள் என்று சொல்பவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த வீடியோக்களைத்தான் சனம் பார்ப்பதில்லை, சரி, அது உங்கள் பிழையில்லை.

கேட்பது இவ்வளவுதான். காலையில் பூசிக் காட்டும் முகத்தை அன்று பின்னேரமும் ஒருமுறை காட்டுங்கள். ஃபில்டர் போடாமல், யன்னலோரமாக, இடையில் தொட்டுத் திருத்தாமல். எந்த ஊரில், ஏசியிலா வெளியிலா இருந்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் தோல் எண்ணெய்த் தோலா, உலர்ந்த தோலா என்பதையும் சேர்த்துச் சொன்னால், எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்கிற பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அலங்காரக்காரி